வெங்காற்றில் நின்ற வீடு

நாட்டுப் பிரிவினையின் துயரம் தமிழகத்து முஸ்லிம்களின் வாயிற்படியை மிதிக்கவில்லை என்று நாம் பலகாலும் சொல்லி வந்திருக்கிறோம். 1947ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் எல்லையின் இருபுறமும் பெயர்ந்தனர். மாண்டோர் தொகையை இலட்சக்கணக்கில் வரலாற்றாசிரியர் கூறுவர். அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பார்த்து வாழ்ந்த எங்கள் கணியூர்ப் பெரியவர்களுக்கு அது தொலைவில் இடித்த இடி. அந்த இடியின் ஓசையை அண்மையில் என் வீட்டுக் கூடத்தில் கேட்டேன் என்றால் மிகையன்று.

எம். எஸ். சத்யூ இயக்கிய ‘கரம் ஹவா’ என்னும் படத்தைத்தான் சொல்கிறேன். ஓர் ஆலிம் படம் பார்த்ததுமன்றி அதைப் பற்றி எழுதவும் துணிவதா எனப் புருவம் நெரிப்போர் நம்முள் உளர். அவர்களுக்கு விடை கூற இஃது இடமன்று. மகன் அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இட்டான். மதரஸாவில் உருது வழியே ஓதியவனாதலின் எனக்கு உரையாடல் எளிதில் விளங்கிற்று. இல்லத்தாருக்கு இடையிடையே பொருள் சொன்னேன்.

இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத சிறுகதை ஒன்றை அடியாகக் கொண்டு கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதிய திரைக்கதை இது. திரைப்பட நிதிக் கழகம் அளித்த இரண்டரை இலட்சம் ரூபாயைக் கொண்டு தொடங்கப்பெற்றது. தணிக்கையில் மாதக்கணக்கில் முடங்கி 1974இல் வெளிவந்தது. நாட்டு ஒருமைப்பாட்டிற்கான தேசிய விருதும் பெற்றது. கலகம் விளையும் என்று எதை அஞ்சினார்களோ அதற்கே ஒருமைப்பாட்டு விருது!

கதை ஆக்ராவில் நிகழ்கிறது. தொடக்கத்திலேயே பிரிவினைக் கால நிழற்படங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. பின்னர் மூன்று துப்பாக்கி வெடிகள். காந்தியடிகள் மறைந்தார். அதற்குமேல் படத்தில் இரத்தவாறு இல்லை, எரியும் இரயில் இல்லை. சலீம் மிர்சா என்னும் காலணி உற்பத்தியாளர் இரயில் நிலையத்தில் உறவினரை வழியனுப்புகிறார், மறுபடியும் வழியனுப்புகிறார், அவ்வளவே. ஒவ்வொரு முறையும் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறது. பேரழிவைக் காட்ட விரும்புவோர் பிணக்குவியலைக் காட்டுவர். சத்யூ காலியான அறையைக் காட்டினார். இதுவே இப்படத்தின் தலையாய சிறப்பென்பேன்.

‘கரம் ஹவா’ என்றால் வெங்காற்று. இப்பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் பாலைத்திணை தோன்றாதிராது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தே பாலையாகும் என்பது இளங்கோவடிகள் நமக்குச் சொன்ன செய்தி. ஆக்ராவும் அவ்வாறே. நேற்றுவரை குடியும் தொழிலுமாய் இருந்த நகரம், தெருவோ மதிலோ மாறாமலே, பாலையாய்த் திரிந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பாலைப் பாட்டில் பிரிந்த தலைவன் பொருள் தேடி மீள்வான். இங்கே சலீமின் மகள் ஆமினாவுக்கு உரியவனான காஸிம் மீண்டு வருகிறான். உரிய தாளின்றி எல்லை கடந்தான் என்று காவலர் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். தலைவன் மீள்வதே குற்றமாகிவிட்ட பாலையை நம் புலவர் எவரும் கண்டிலர்.

அரபுக் கவிஞரோ கூட்டத்தார் பெயர்ந்துபோன பாழிடத்தில் நின்று அழுவதைக் கொண்டே கஸீதாவைத் தொடங்குவர். அங்கும் ஒன்று கவனிக்கத்தக்கது. பாழிடத்தைக் கண்டு அழுத பின்னர்க் கவிஞன் ஒட்டகமேறிப் போய்விடுவான். சலீம் மிர்சாவுக்கு ஏற ஒட்டகமில்லை. பாழிடத்திலேயே வாடகைக்கு வீடு தேட வேண்டியிருக்கிறது.

அந்த வாடகை வீடு தேடும் காட்சிகளில்தான் நான் என்னையறியாமல் எழுந்து உட்கார்ந்தேன். குடும்ப மாளிகை அண்ணன் ஹலீமின் பெயரில் இருந்தது. இந்தியாவை விட்டு அகலேன் என்று மேடையில் முழங்கிய ஹலீம் ஓசையின்றிக் கராச்சிக்குப் போய்விட, மாளிகை வெளியேறியோர் சொத்தாகி அரசின் பொறுப்பில் சேர்ந்தது. உள்ளே இருந்தவர் வெளியேறவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு வீடு வெளியேறிவிட்டது! பிறகு சலீம் தெருத் தெருவாக அலைகிறார். இவர்கள் இரவோடிரவாகப் பாகிஸ்தான் போய்விட்டால் வாடகைக்கு யார் பொறுப்பு என்ற ஐயம் எங்கும். வங்கியிலும் கடன் மறுப்பதற்கு அதே காரணம். கொள்முதலுக்கு முன்பணமில்லை, ஆகவே சரக்கில்லை, ஆகவே தொழிலில்லை. எவரும் கைநீட்டி அடிக்கவில்லை. கணக்குப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன என் மகன், சில ஆண்டுகளுக்கு முன், வீடு பார்க்கச் சென்றான். அறை பிடித்தது, முன்பணமும் பேசியாயிற்று. பெயரைக் கேட்ட பின்னர், “ஊரிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்” என்றனர். அவன் அதை எங்களிடம் சொல்லவேயில்லை. படத்தில் இந்தக் காட்சி ஓடும்போதுதான், திரையைப் பார்த்தவாறே, சொன்னான். மறுத்தவரை நான் பழிக்கப் புகவில்லை. அந்நகரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடும் வேலையும் கொடுத்துப் பெற்ற பிள்ளைபோல் பார்ப்பவர்களையும் நான் அறிவேன். எனினும் எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்திய ஆக்ரா என் கூடத்திற்குள் வந்துவிட்டது உண்மை.

மாளிகையை ஒதுக்கீடு பெற்று வரும் சிந்தி வணிகர் அஜ்மானியும் வீடிழந்து வந்தவரே. அவரைக் கொடியவராக்காமல் கண்ணியராகப் படைத்தமை படத்தின் நேர்மைக்குச் சான்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்ரா முஸ்லிமாக நடித்த பல்ராஜ் சாஹ்னி இராவல்பிண்டியில் பிறந்தவர்; அஜ்மானியாக நடித்த ஹங்கல் சியால்கோட்டில் பிறந்து கராச்சியில் வாழ்ந்தவர். பிரிவினையால் ஊரிழந்த இருவர் எதிரெதிரே அமர்ந்து வீட்டைப் பற்றிப் பேசும்போது அது நடிப்பாகத் தோன்றவில்லை. சாஹ்னி இப்படம் வெளிவருமுன்னரே, 1973 ஏப்ரலில், மறைந்தார்.

சலீமின் தாயாரைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. வீட்டைக் காலி செய்யும் நாளில் அம்மூதாட்டி விறகுக் கொட்டிலில் ஒளிந்துகொள்கிறார். பின்னர் மரணத் தறுவாயில் அவரைப் பல்லக்கில் ஏற்றி அதே மாளிகைக்குச் சுமந்து வருகின்றனர். மணப்பெண்ணாய்ப் பல்லக்கில் நுழைந்த வாயில். மௌத்துக்காகவும் பல்லக்கில் நுழைகிறார். என் தந்தையின் தாயார் மகன் கட்டிய புது வீட்டில் ஓர் இரவும் உறங்கவில்லை. பழைய ஓட்டு வீட்டின் திண்ணையிலேயே கண்மூடினார். சொந்த ஊரைப் பிரிகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் திரும்பிப் பார்த்து அதன்மீது கொண்ட அன்பை வெளியிட்ட செய்தியை ஓதியவர்களுக்கு இக்கிழவியின் பிடிவாதம் பிடிவாதமாகத் தோன்றாது.

குறைகளும் உள. ஆமினாவை இருமுறை ஏமாற்றத்திற்கு ஆளாக்கி, அவள் தன்னுயிரை மாய்த்துக்கொள்வதாகக் கதையை நகர்த்துகின்றனர். அது மார்க்கம் தடுத்த செயல் என்பதற்காக மட்டும் நான் குறை கூறவில்லை. தங்குவதா போவதா என்று வீட்டு ஆடவர் அனைவரும் வாதாடுகின்றனர். அவளிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை. இயக்குநரும் கேட்கவில்லை. அவள் சாவு, தந்தையின் மனம் மாறுவதற்கு ஒரு காரணமாகப் பயன்படுகிறது. இது கலையின் வறுமை.

முடிவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மனமுடைந்த சலீம் குடும்பத்தோடு குதிரை வண்டியில் இரயிலுக்குப் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டுச் செல்லும் ஊர்வலம் எதிர்ப்படுகிறது. மகன் சிக்கந்தர் இறங்கிக் கலக்கிறான். தந்தையும் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். இரண்டு மணி நேரம் இழை இழையாகப் பின்னிய துயரம் சில நொடிகளில் அவிழ்கிறது. தங்கியவர்கள் தங்கியதற்கு இதனினும் எளிய, இதனினும் ஆழ்ந்த காரணங்கள் இருந்தன. அதே 1948இல், மார்ச் 10ஆம் நாள், சென்னையில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபும் தோழர்களும் கூடி இந்நாட்டிலேயே இருந்து பணியாற்றுவதென உறுதி செய்தனர். அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபையில் அவர் தமிழுக்காக வாதாடினார். ஹலீம் மிர்சாவைக் காட்டிய திரையில் இத்தகைய தலைவர் ஒருவருக்கும் இடம் இருந்திருக்கலாம். வடபுலத்தார் நம்மை மறப்பது புதிதன்று. நாமும் இக்கதையைத் தமிழில் எழுதிக் காட்டவில்லையே.

படம் முடிந்ததும் மகன் ஊர்வலத்தைப் பற்றி ஏதோ கேட்டான். என் இல்லத்தாள் அதைக் காதில் வாங்கவில்லை.

“கடைசில அந்த வூடு யாருக்குங்க ஆச்சு?” என்றாள்.

அஜ்மானிக்குத்தான் என்றேன். பல்லக்கு வந்தபோது அவர் கதவைத் திறந்துவிட்டாரல்லவா என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைக்கப் போனாள்.