ஜெய்ப்பூர் கால்

ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைப் பாதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை விரல்கள். நிறமும் நம் ஊர் மாநிறம். முன்பாதத்திலும் குதிகாலிலும் நுண்துளை ரப்பர். கணுக்கால் பக்கம் மரக்கட்டை. சுற்றிலும் டயருக்குப் போடும் நைலான் இழை. மேலே ரப்பர்ப் போர்வை. மொத்தத்தையும் அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாக இறுகிவிடுகிறது.

1960களின் பிற்பகுதியில், ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இதை உருவாக்கியவர்கள் இருவர்: எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, கைவினைஞர் ராம்சந்திர சர்மா. அன்று கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதத்துக்கு ஷூ வேண்டும்; கணுக்காலும் வளையாது. சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவர், குந்தி உட்கார்கிறவர், சேற்று வயலில் இறங்குகிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஜெய்ப்பூர் கால் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும். வெறுங்காலாகவே நடக்கலாம், நனைந்தாலும் கவலையில்லை. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலக்காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விலைக் கணக்கு. வளரும் பிள்ளைக்கு ஒரே கால் நெடுநாள் போதாது. உயரம் கூடக்கூட மாற்றியாக வேண்டும். உள்ளூர்ப் பொருளில் மலிவாகச் செய்வதால் அது கைகூடுகிறது. 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் இதை இலவசமாகவே பொருத்துகிறது. அணிகிறவர் எங்கே உட்காருவார், எதில் நடப்பார் என்று முதலில் கேட்டுவிட்டுச் செய்த பொருள் இது. எல்லா உதவிக் கருவிகளையும் இப்படித்தான் செய்ய வேண்டும்.