ஒரு மோட்டார், நான்கு விடைகள்

கிண்டியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. தரையிலிருந்து மொட்டைமாடிக்கு 60 படிகள். ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு படி 15 செ.மீ.; மொத்தம் 9 மீட்டர். பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படிகளில் ஏறச் சொல்லிவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அவள் எடை 45 கிலோ. நடந்து ஏற 45 விநாடி, ஓடி ஏற 18 விநாடி.

கணக்கு எளிது. 45 × 9.8 × 9 = 3969 ஜூல். நடந்தாலும் ஓடினாலும் வேலை அதேதான். காலத்தால் வகுத்தால் நடந்தபோது திறன் 88 வாட், ஓடியபோது 220 வாட். மூச்சு வாங்க நின்றவள், "வேலை ஒண்ணுதான்னா அப்புறம் ஏன் பெரியப்பா இப்படி இரைக்குது?" என்று கேட்டாள். 'ஓரலகு காலத்தில் செய்யப்படும் வேலை திறன் எனப்படும்' என்ற வரியை அவள் பள்ளியில் பலமுறை ஒப்பித்திருக்கிறாள். அந்த வரியில் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை.

நம் பள்ளிகளில் திறன் கற்பிக்கப்படும் முறையைக் குறை சொல்வது சுலபம். அதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியலில் இவ்வளவு சிறிய சூத்திரம் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போவது அபூர்வம். ஒரே ஒரு வகுத்தல், மாடிப்படியிலிருந்து கரண்ட் பில் வரை வந்து நிற்கிறது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். எங்கள் வீட்டுப் பெண் அந்த 60 படிகளை 907 தடவை ஏறினால்தான் ஒரு யூனிட்டுக்கு ஈடான வேலை முடியும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 90,700 தடவை படியேறும் வேலை அது! அன்று மாலையே, ஆளில்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அவளாகவே போய் நிறுத்தினாள். வேறு எந்தப் பாடமும் அவளிடம் இதைச் சாதித்ததில்லை.

கோளாறு தொடங்குவது சொல்லிலிருந்து. ஆங்கிலத்தில் பவர் என்பதற்கு நம் பாடநூல் 'திறன்' என்கிறது. கேட்டல் திறன், பேசுதல் திறன் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேறு பொருளில் பழகிய சொல் அது. இது போதாதென்று, பதினொன்றாம் வகுப்பில் வெப்ப இயந்திரப் பாடத்தில் 'பயனுறு திறன்' வருகிறது. அது வாட்டில் அளக்கும் திறன் அல்ல. போட்டதில் எத்தனை பங்கு பயனாகத் திரும்பியது என்கிற விகிதம், அதற்கு அலகே கிடையாது. இரண்டு வேறு கருத்துகளுக்கு ஒரே வேர்ச்சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே பவர் 'வலு', மற்றது 'வினைத்திறன்'. பாடத்திட்டம் திருத்துகிற குழுக்கள் 'வலு' என்ற ஒரு சொல்லையாவது கடன் வாங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, நாம் தெருவில் 'பவர் கட்' என்கிறோம், அதில் பவர் என்றால் மின்சாரமே. பாவம், பிள்ளைகள் எதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்?

அடுத்தது குதிரை. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். எந்தக் குதிரை, எவ்வளவு நேரம் இழுத்தது என்று யாரும் கேட்பதில்லை. நீராவி எந்திரத்தை விற்க வேண்டியிருந்த ஜேம்ஸ் வாட், அது எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று வாங்குபவருக்குப் புரியவைக்க அந்த எண்ணை உண்டாக்கினார். ஆலையில் நம்மூர்ச் செக்கு மாடு மாதிரி வட்டமடிக்கும் குதிரை அவர் கணக்கில் இருந்தது. நாள் முழுக்க உழைக்கும் குதிரை அது. கிண்டி ரேஸ் கோர்ஸில் ஓடிய குதிரையோ வேறு ரகம். ஒன்றிரண்டு நிமிடத்தில் பந்தயமே முடிந்துவிடும். ஒரு குதிரை சில விநாடிகளுக்கு ஏறக்குறைய 15 குதிரைத்திறன் வரை தர முடியும் என்று 1993-இல் நேச்சர் இதழில் ஸ்டீவன்சன், வாசர்சக் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு குதிரையால் 15 குதிரைத்திறனா என்று சிரிக்கலாம். 'எத்தனை நேரத்துக்கு?' என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். காலத்தை வெறும் வகுக்கும் எண்ணாக மட்டும் பார்க்கப் பழகிய மாணவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

மாடிப்படிச் சோதனையையும் நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. அதே படிகளில் 72 கிலோ எடையுள்ள நான் முட்டியைப் பிடித்தபடி 60 விநாடியில் ஏறினேன். விடை 106 வாட். நடந்து ஏறிய அவளைவிட நான் 'திறன்' மிக்கவன்! "இது அநியாயம்" என்றாள். நியாயமான கோபம். எடையால் வகுத்துப் பார்த்ததில் அவள் கிலோவுக்கு 2 வாட்டைத் தொட்டாள், நான் ஒன்றரை. அதோடு, சூத்திரம் தருவது உடலை மேலே தூக்கிய வேலையின் கணக்கு மட்டுமே. தசைகள் செலவழித்தது அதைப்போல நாலைந்து மடங்கு, மிச்சமெல்லாம் வெப்பம். இரைப்புக்கும் வியர்வைக்கும் காரணம் அங்கே இருக்கிறது. ஓடும்போது அதே செலவை 18 விநாடிக்குள் ஈடுகட்ட நுரையீரல் திணறுகிறது. காலையில் அவள் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட எங்களை அதிகம் படுத்தியது தண்ணீர் மோட்டார். பெயர்ப்பலகையில் 1 ஹெச்.பி. கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் வாய்வரை 12 மீட்டர். ஆயிரம் லிட்டர் ஏற ஏறக்குறைய 10 நிமிடம். தண்ணீர் பெற்ற திறனைப் போட்டுப் பார்த்தோம்: 1000 × 9.8 × 12 வகுத்தல் 600. வந்தது 196 வாட். பலகையில் உள்ளதில் கால்பங்குதான். தப்பாகப் போட்டுவிட்டோமென்று அவள் மூன்று தடவை சரிபார்த்தாள்.

தப்பில்லை. 746 என்பது மோட்டாரின் தண்டு தரக்கூடிய திறன். பம்பின் உள்ளே சுழலும் நீரிலும், குழாயின் வளைவுகளிலும், ஃபுட் வால்விலும் முக்கால்வாசி தொலைந்துபோகிறது. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்தபோது கிளாம்ப் மீட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னோம். 6 ஆம்பியர். பத்தாம் வகுப்புப் பாடப்படி மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம், 230 × 6 = 1380 வாட். ஆனால் மின்மீட்டரில் கணக்கேறியதோ 1100 வாட் அளவுக்குத்தான். "பவர் ஃபேக்டர் சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கிளம்பினார் அவர். திரு.வி.க. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம்; கெப்பாசிட்டர் மாட்டுவதே அதற்காகத்தான். மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாவிட்டால், இரண்டையும் பெருக்கி வருவது முழுக்கத் திறன் ஆகாது. பள்ளியில் 'திறன் காரணி' என்ற பெயரில் இதைப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் சொல்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துச் சொல்வதை நான் குறையாக நினைக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சூத்திரத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று அப்போதே ஒரு வரி போட்டிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

ஆக, ஒரே மோட்டாருக்கு 1380, 1100, 746, 196 என்று நான்கு எண்கள். முதலாவதை வாட் என்று சொல்லவே கூடாது, வோல்ட்-ஆம்பியர் என்றால் சரி. மற்ற மூன்றும் கம்பியிலும் தண்டிலும் தண்ணீரிலும் அளந்த திறன்கள். மூன்றும் சரியான விடைகளே, கேள்விகள்தான் வேறு. தேர்வுத் தாளோ "மோட்டாரின் திறன் என்ன?" என்று எங்கே அளப்பது என்பதைச் சொல்லாமலே கேட்டு, ஒரு விடைக்கு இரண்டு மதிப்பெண் போடுகிறது. லட்சக்கணக்கான தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய அமைப்புக்கு ஒற்றை விடை தேவைதான். அதற்காகக் கேள்வியையே மொட்டையடித்திருக்க வேண்டாம். "இந்த மோட்டார் தண்ணீருக்குக் கொடுத்த திறன் எவ்வளவு, பலகையில் உள்ளதைவிட ஏன் குறைவு?" என்று கேட்டாலும் திருத்துபவருக்குப் பெரிய சிரமம் வராது.

"பரீட்சையில எதை எழுதறது பெரியப்பா?"

746 என்றேன். எழுதிக்கொண்டாள். மற்ற மூன்றும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கின்றன.