தட்டிக் கேட்டு ஏறுதல்

பாறை ஏறுபவர்களில் பெரும்பாலோர் கெட்டியான கல்லைத் தேடித்தான் போவார்கள். வேல்ஸின் ஆங்கிள்சி தீவை ஒட்டிய சவுத் ஸ்டாக் கடற்பாறைகளில் அந்தச் சுகம் கிடைக்காது. மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து, பூமியின் நெருக்கத்தில் மடிந்து நெளிந்த பாறை அது. பார்க்கக் கண் கோடி வேண்டும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

1966-ல் ஜோ பிரவுனும் பீட் க்ரூவும் அங்கே முதலில் ஏறிய தடத்தின் பெயர் 'மவுஸ்ட்ராப்', அதாவது எலிப்பொறி. அதன் தரம் ஈ2, 5ஏ. பிரிட்டிஷ் தரக்குறியை ரசித்துப் படிப்பவர்களுக்கு இதிலேயே பாதிக் கதை இருக்கிறது. முதல் குறி தடம் முழுவதன் கடுமையையும், இரண்டாவது அதிலுள்ள ஆகக் கடினமான அசைவையும் சொல்லும். ஈ2 என்றால் வழக்கமாக 5பி, 5சி என்று வர வேண்டும். 5ஏ என்று இறங்கியிருக்கிறதே, என்ன பொருள்? கைகால்களுக்குப் பெரிய வேலை இல்லை; நெஞ்சுக்குத்தான் வேலை.

இப்படிப்பட்ட கல்லில் தேர்ந்தவர் ஏறுவதைப் பார்ப்பதே தனி விருந்து. சந்தையில் மண்பானை வாங்குகிறவர்போல ஒவ்வொரு பிடியையும் விரல்முட்டியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் சரி, பொத்தென்றால் அடுத்தது. பிடியை வெளிப்பக்கம் இழுக்கவே மாட்டார், கீழ்நோக்கி அழுத்துவார். உடலின் எடையை இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் பங்கு போடுவார். பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கேம் கருவியைத் தகடுபோன்ற கல்லின் பின்னால் செருகும்முன் யோசிப்பார். விழுந்தால் அது விரியும் விசையிலேயே தகடு பெயர்ந்துவிடலாம். கயிறு உரசினாலே கல் உதிரும் என்பதால், கயிறு பிடிப்பவர் ஒருபோதும் நேர்கீழே நிற்கக் கூடாது. வேறு பாறைகளில் கைத்தட்டல் வாங்கும் பாய்ச்சல் இங்கே வெறும் முரட்டுத்தனம்.

பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை இந்த வித்தைக்கு விடுமுறை. மவுஸ்ட்ராப் இடுக்கிலும் சிவப்புச் சுவர்களிலும் அப்போது கடற்பறவைகளின் இனப்பெருக்கக் காலம். அவற்றில் கில்லமாட் என்ற பறவை கூடு கட்டாது. வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை இடும். மனிதத் தலை ஒன்று திடீரென எட்டிப் பார்த்துப் பறவைகள் வெருண்டு எழுந்தால், முட்டை கடலுக்குப் போய்விடும். குஞ்சும் சாமானியப்பட்டதல்ல. மூன்று வாரத்தில், சரியாகப் பறக்க வருமுன்பே, திட்டிலிருந்து குதித்துவிடும். தந்தைப் பறவைதான் அதைக் கடலுக்குள் அழைத்துப் போகும்.

ஆறு மாதத் தடை அதிகம் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய அடுக்கு உதிர்ந்து கெட்டி அடுக்கு துருத்தி நிற்பதால்தான் அங்கே இத்தனை திட்டுகள். பறவைகள் குடியேறுவது அந்தத் திட்டுகளில்தான். உதிர்வதை ரசிப்பவர்கள் அதன் குடித்தனக்காரர்களைக் குறைசொல்வது என்ன நியாயம்? அந்த பிரவுனே, 1955-ல் காஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறியபோது, சிக்கிம் மக்களின் நம்பிக்கையை மதித்து உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பியவர்.

ஆகஸ்டில் முதலில் ஏறப்போகிறவர்களைத் திட்டுகளில் பறவை எச்சம் வரவேற்கும். மூக்கு கூசுபவர்கள் இரண்டு நல்ல மழை கழிந்து போகலாம். கெட்டிக் கல்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஹோலிஹெட் மலையின் குவார்ட்சைட் இருக்கிறது.