தேர்ந்தெடுக்கப்படாத படைப்பு: கேரி வினோகிராண்டின் இறுதிப் படங்கள்

அமெரிக்கத் தெரு ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான கேரி வினோகிராண்ட் 1984-இல் மறைந்தபோது, எடுத்தும் கழுவப்படாத படச்சுருள்கள் 2,500-க்கு மேல் எஞ்சியிருந்தன. கழுவிய பின் மாதிரித்தாளில்கூட அச்சிட்டுப் பார்க்கப்படாதவை ஏறத்தாழ 6,500. இக்குவியலிலிருந்து சில படங்களைத் தெரிந்து, ‘முடிவுறாப் பணி’ என்னும் இறுதிப் பகுதியாக வைத்தது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1988-இல் நடத்திய கண்காட்சி. அதனை அமைத்த ஜான் சார்கவுஸ்கி, 1967-ஆம் ஆண்டுக் கண்காட்சியொன்றின் வழி வினோகிராண்டை நிலைநிறுத்தியவர் என்பது நினையத்தக்கது.

அத்தகையவரின் தீர்ப்பே கடுமையாக அமைந்தது. 1978-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பின் கலைஞரின் ஆற்றல் தளர்ந்தது என்றும், ஓடும் காரிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் பலவற்றில் நோக்கமே புலப்படவில்லை என்றும் அவர் கருதினார். தலைப்பில் ‘முடிவுறா’ என்று வெளிப்படையாகக் குறித்தது அவரது நேர்மை. எனினும் முடிவுறாத ஒன்றை முடிந்த படைப்பின் அளவுகோலால் அளந்தமை ஏற்கத்தக்கதன்று. எடுத்த கணத்தின் உணர்ச்சி தேர்வில் தலையிடாதிருக்க, சுருளை ஓராண்டுக்கும் மேலாகக் கழுவாமல் வைத்திருப்பது வினோகிராண்டின் நெடுநாள் வழக்கம். கழுவாமை மட்டுமே தளர்ச்சிக்குச் சான்றாகாது. இறுதி ஆண்டுகளின் குவியல் இவ்வழக்கத்தின் எல்லையைக் கடந்தது என்பதும் உண்மையே. ஆனால் எந்தக் கலைஞரின் நல்ல காலத்துச் சுருள்களையும் தேர்வின்றிப் பரப்பினால் பெரும்பகுதி பதராகவே தோன்றும்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இச்சிக்கல் தலைகீழாகத் தெரியும். அங்கு ஆசிரியர் முடித்த நூல் உண்டு. அவர் கைப்பட்ட ஏடு இல்லை. இங்கோ கைப்பட்ட மூலம் முழுமையாக உண்டு. ஆசிரியரின் முடிவுதான் இல்லை. ஒளிப்படத்தில் எடுத்தல் பாதி, தெரிதல் மறுபாதி. மறுபாதியைப் பிறர் நிரப்பும்போது சுவரில் தொங்குவது பதிப்பாசிரியரின் வாசிப்பேயாகும். (வாழ்நாளிலேயே தம் நூல்களுக்கான தேர்வைச் சில வேளை நண்பர்களிடம் வினோகிராண்ட் விட்டதுண்டு, அங்கு அவரது ஒப்புதல் இருந்தது.)

இதற்குச் சான்று 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய பெருங்கண்காட்சி. வினோகிராண்டின் நண்பரும் ஒளிப்படக் கலைஞருமான லியோ ரூபின்ஃபீன், வேறு இருவருடன் இணைந்து அதனை அமைத்தார். முன்பு எவரும் அச்சிடாத படங்கள் பல அதில் இடம்பெற்றன. சார்கவுஸ்கி வீழ்ச்சி கண்ட காலத்தில் ரூபின்ஃபீன் நம்பிக்கையிழந்த ஒரு நாட்டின் இருண்ட சித்திரத்தைக் கண்டார். மூலம் ஒன்றே, பாடம் இரண்டு. இரண்டாவது வாசிப்பு கலைஞர்க்குக் கூடுதல் நீதி செய்கிறது. ஆயினும் அதுவும் ஒரு பாடமே. அதன் பொருளொருமை தேர்ந்தவரின் கொடை என்ற ஐயம் நீங்கவில்லை.

ஒவ்வொரு படத்தின்கீழும் மூன்று செய்திகள் தேவை: கலைஞர் தாமே குறியிட்ட படமா, தேர்ந்தவர் யார், அச்சிட்ட ஆண்டு எது. இவை இல்லாதவிடத்துப் பெயர்ப்பலகையில் ‘வினோகிராண்ட்’ என்று மட்டும் எழுதுவது பாடவேறுபாடு காட்டாத பதிப்பை வெளியிடுவதற்கு ஒப்பாகும்.