தண்டவாளம் போன வழி

ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மூலை முடுக்கெல்லாம் ரயில்பாதை போட்டவர்கள் குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், இரண்டும் முடியாத இடத்தில் பள்ளத்தாக்கை ஒட்டியே வளைந்து போனார்கள். வாய்க்கால் அதைவிடப் பிடிவாதம். படகு மிதக்க வேண்டுமானால் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும். சரக்கெல்லாம் லாரிக்கு மாறியதும் இரண்டுக்கும் வேலை போயிற்று. தண்டவாளம் பெயர்த்த தடத்திலும், படகிழுத்த குதிரைகள் நடந்த கரையிலும் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. பிரான்சின் நாட்டுப்புறத்தைச் சைக்கிளில் சுற்றுவது என்றால் புதிதாகக் கிளம்பும் ஒருவருக்கு இப்போது முதலில் காட்டப்படுவது இதுதான்: அம்புக்குறிப் பலகை வழிநடத்தும், முடிந்தவரை மோட்டார் வண்டி நுழையாத, ஏற்றமே தெரியாத பாதை.

இந்தப் பாதைகளை மெச்சுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவற்றின் நன்மையும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதைச் சுற்றுலா ஏடுகள் சொல்வதில்லை.

நன்மையை முதலில் பார்க்கலாம். பர்கண்டியில் ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. தூரத்துக்குப் பழைய ரயில் தடத்தைச் செப்பனிட்டு 1997இல் திறந்தார்கள். பிரான்சின் முதல் ‘வுவா வேர்த்’, அதாவது பசுமைப் பாதை, இதுதான். வலப்பக்கம் திராட்சைக் கொடிகள், இடப்பக்கம் வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளி, நடுவில் தாரிட்ட தடம். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. பின்னால் குழந்தை வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு தாய் வருவார், மூன்று சக்கர வண்டியில் ஒரு முதியவர் வருவார், சறுக்குச் சக்கரம் கட்டிய பிள்ளைகள் இவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு போவார்கள். இவர்களில் யாரும் கார் ஓடும் சாலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இதன் பெருமை புரிய, இதற்கு முன்னால் இருந்த மரபைத் தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிள் சுற்றுலாவுக்குப் பிரான்சில் ஒரு மூலவர் உண்டு: செந்தேத்தியேன் நகரத்துப் போல் தெ விவி (1853–1930). ‘வேலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர், 1887இல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கியவர். பந்தயம் ஓடுகிறவர்களைப் பார்த்து, ஊர் பார்க்கவும் சைக்கிள் ஓட்டலாம் என்று ஓயாமல் எழுதினார். மலை ஏற கியர் வேண்டும் என்று வாதாடினார். ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயமோ சங்கிலியை மாற்றும் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. அவர் வழிவந்தவர்கள் மன்றங்களாகக் கூடினார்கள். சாலை வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தாங்களே வழி போட்டார்கள். அழகான மரபுதான், ஆனால் அதற்குள் நுழைய உடம்பில் வலு வேண்டும், கார்களுக்கு அஞ்சாத நெஞ்சும் வேண்டும். அதன் ஒரு கிளை நேரத்தோடு மல்லுக்கட்டும் நெடுந்தூர ஓட்டமாகிவிட்டது. பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு நாட்டுப்புறத்தைப் பார்க்க எங்கே பொழுது? மற்றவர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்த இந்த வாசலைத் திறந்துவிட்டது பசுமைப் பாதை.

இனிக் குறை. க்ளூனிப் பாதையிலேயே நிற்போம். கோர்மத்தேன் என்ற ஊரின் ஓரமாகத் தடம் தெற்கே போகிறது. அங்கிருந்து கிழக்கே பிரியும் டி14 மாவட்டச் சாலையில் சில கி.மீ. போனால் ஷப்பேஸ். 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், சிற்றூருக்குப் பொருந்தாத உயரத்தில் ஒரு மணிக்கூண்டு. இன்னும் மேலே ஏறினால் ப்ரான்சியோன்: குன்றின் முதுகில் ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய வீடுகள். பர்கண்டியின் இடைக்காலம் எப்படி இருந்தது என்று கேட்பவருக்குக் காட்ட வேண்டிய இடம் இது. தண்டவாளம் இங்கே வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. பகைவன் எளிதில் ஏறிவரக் கூடாது என்று குன்றில் கட்டிய ஊர் அது. ரயில் எளிதில் போக வேண்டும் என்று பள்ளத்தாக்கில் போட்ட தடம் இது. தேஸே என்ற ஊரும் அப்படித்தான், மேட்டில் இருக்கிறது, பாதை கீழே கடந்து போய்விடுகிறது. 44 கி.மீ. ஓட்டி முடித்தவர் பர்கண்டி வழியாகப் போயிருப்பார், அதன் ஊர்களுக்குள் போயிருக்க மாட்டார்.

ஏற்றத்தைத் தவிர்த்த அதே பொறியியல்தான் ஊர்களையும் தவிர்த்தது. தடத்தின் இருபுறமும் வளர்ந்துவிட்ட மரங்கள் பல இடங்களில் பசுங்குகையாகக் கவிந்து நிற்கும். வெயிலுக்கு இதம்தான். ஆனால் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு எந்த நாட்டில் ஓட்டுகிறோம் என்பதே மறந்துபோகும்.

லுவார் ஆற்றுப் பாதையின் கதை சற்று வேறு. ‘லுவார் அ வேலோ’ என்று பெயர். நெவேருக்கு அருகே அல்லியே ஆறு வந்து கலக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை ஏறக்குறைய 900 கி.மீ. அங்கே தண்டவாளத்தின் இடத்தை வெள்ளத் தடுப்புக் கரைகள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் ஓட்டும்போது ஒருபுறம் மணல்திட்டுகளோடு அகன்று கிடக்கும் ஆறு, மறுபுறம் கண்ணுக்குக் கீழே ஊர்க் கூரைகள். ப்ரியாரில் வாய்க்கால் ஒன்று பாலமேறி ஆற்றைக் கடக்கிறது. 1896இல் முடிந்த 662 மீட்டர் இரும்புப் பாலம். மேலே படகு, கீழே ஆறு. சொமூருக்கு அருகே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த வீடுகளுக்கு ஊடாகவே பாதை நுழைந்து வெளிவருகிறது. இங்கெல்லாம் பாதை போட்டவர்கள் சோம்பல்படவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கையேடுகளில் இந்த ஆறு ஷாம்போர், ப்ளுவா, அம்புவாஸ் என்று மாளிகைகள் கோத்த மாலை. நிஜத்தில் அதே கரைகளில் பெல்வீல், தம்பியேர், சேன்-லொரான், ஷினோன் என்று நான்கு அணுமின் நிலையங்களும் இருக்கின்றன. வெட்டவெளியில் தொலைவிலேயே தெரியும் குளிரூட்டும் கோபுரத்தை எந்த விளம்பரப் படமும் காட்டுவதில்லை. நாட்டுப்புறம் என்பது மறுமலர்ச்சிக் கால அரண்மனையோடு உறைந்துவிட்டது என்பதுபோல ஒரு பாவனை. எனக்கென்னவோ அந்த நீராவி மூட்டமும் ஷாம்போரின் புகைபோக்கிகளைப் போலவே பிரான்ஸ்தான். காற்றைப் பற்றியும் விளம்பரம் வாய் திறக்காது. ஆறு போகும் திசையில் கடலை நோக்கிப் போவதே இயல்பு என்று தோன்றும். காற்றோ பெரும்பாலும் கடலிலிருந்து வருகிறது. தட்டையான கரையில் ஒதுங்க இடமில்லாமல் நாளெல்லாம் எதிர்காற்றில் மிதித்தவருக்கு, ஏற்றம் இல்லாத பாதை எளிது என்ற நம்பிக்கை போய்விடும். மலைக்காவது இறக்கம் உண்டு.

பாதை பணத்தையும் தன் பக்கம் இழுக்கிறது. ‘அக்கேய் வேலோ’ என்றொரு முத்திரை இருக்கிறது. விடுதியில் சைக்கிளைப் பூட்டி வைக்கப் பத்திரமான இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் இருந்தால் அது கிடைக்கும். நல்ல ஏற்பாடு, வருகிறவருக்கு உண்மையாகவே உதவுவது. ஆனால் அந்த விடுதி, அறிவிக்கப்பட்ட பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். எட்டு கி.மீ. தள்ளி, ரொட்டிக் கடையும் மூடி, அதற்குப் பதிலாக ரொட்டி தரும் தானியங்கிப் பெட்டி மட்டும் நிற்கிற ஊருக்கு இந்த வரவு எட்டாது. சைக்கிள்காரர்களின் வரவு மிகவும் தேவைப்படுவது அந்த ஊருக்குத்தான்.

பழைய மரபுக்கு இங்கேதான் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாக் கூட்டமைப்பு நெடுங்காலமாக நடத்திவரும் மாகாணச் சான்றிதழ், மாவட்டத்துக்கு ஆறு இடங்களைச் சொல்கிறது, போகும் வழியைச் சொல்வதில்லை. நீங்களே வழி கண்டுபிடித்துப் போய், அங்குள்ள கடையிலோ காப்பிக் கடையிலோ அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை கேட்கிறவர் ஒரு காப்பியாவது குடிப்பார். இப்போது முத்திரை குத்தக் கடையே இல்லாத ஊர்கள் பெருகிவிட்டதால், ஊர்ப்பெயர்ப் பலகையின் முன் சைக்கிளை நிறுத்தி எடுத்த படமும் செல்லும். அந்த விதிமாற்றத்தை நாட்டுப்புறத்தின் நோய்க்குறிப்பாகவே நான் வாசிக்கிறேன்.

அதற்காக, எல்லாரும் டி எண் சாலைகளுக்குத் திரும்புங்கள் என்று சொல்லிவிட முடியாது. பிரான்சில் மாவட்டச் சாலைகள் மட்டும் ஏறக்குறைய 3,80,000 கி.மீ. அவற்றில் பெரும்பகுதி நாளெல்லாம் உறங்கிக் கிடக்கும் அற்புதமான சாலைகள். எது உறங்குகிறது, எது உறங்கவில்லை என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. நகரங்களுக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2018 ஜூலையில் இவ்வகைச் சாலைகளின் வேக வரம்பை 90 கி.மீ.யிலிருந்து 80ஆகக் குறைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, பிறகு பல மாவட்டங்கள் தம் சாலைகளில் சிலவற்றை மீண்டும் 90க்கு ஏற்றிக்கொண்டன. பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போங்கள் என்று எழுத எனக்குக் கை வராது.

மின்சார சைக்கிள் வந்தபின் இந்த வழக்கே மாறிவிட்டது என்பது என் எண்ணம். அறுபது வயதுக்காரரும் இன்று மோட்டார் துணையோடு ப்ரான்சியோன் குன்றில் பேசிக்கொண்டே ஏறுகிறார். அப்படியானால் பசுமைப் பாதையின் தட்டைத்தன்மை முன்னளவு முக்கியமில்லை. கார் வராது என்பதே அதன் உண்மையான சிறப்பு. தண்டவாளத்தோடு அது கட்டுண்டு கிடக்க வேண்டிய காரணம் பாதி கழன்றுவிட்டது. தடத்திலிருந்து குன்றூர்களுக்குப் பிரியும் சிறு சாலைகளில் வேகத்தைக் கட்டுப்படுத்திப் பலகை வைத்தால் ஆகும் செலவு, புதிதாகத் தடம் போட ஆவதில் சிறு பங்குதான் இருக்கும். ஆனால் பாதை போடுகிறவர்கள் நீளத்தின் மீது மோகம் கொண்டிருக்கிறார்கள். ‘கடலிலிருந்து கடலுக்கு’ என்று விளம்பரம் செய்யலாம், ‘கோர்மத்தேனிலிருந்து ஷப்பேசுக்கு’ என்று எப்படிச் செய்வது?

நீளத்தின் மோகம் பராமரிப்பையும் தின்கிறது. தூலூஸிலிருந்து தென்கிழக்கே ஓடும் ‘மிதி’ வாய்க்கால் 1681இல் முடிந்த பெருவேலை. அதன் கரைப்பாதை முதல் 50 கி.மீ. வரை வழவழப்பு. மாவட்ட எல்லை தாண்டியதும் நெடுங்காலமாகவே வேர்கள் புடைத்த மண் தடம். மழைக்குப் பிறகு சேறு. வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறக்கோடு. போதாக்குறைக்கு, பூஞ்சை நோய் தாக்கிய பிளேன் மரங்களை 2006 முதல் ஆயிரக்கணக்கில் வெட்டி வருகிறார்கள். நிழலை நம்பி ஆகஸ்டில் போனவர்கள் மொட்டை வெயிலில் ஓட்டுகிறார்கள். புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள், ஆனால் அவற்றின் நிழல் அடுத்த தலைமுறைக்கு.

மறுபடியும் க்ளூனிக்கு வருகிறேன். அங்கிருந்து தெற்கே மாக்கோன் பக்கம் நீட்டிய பாதை, புவா க்ளேர் குன்றை 1,600 மீட்டர் நீளமுள்ள பழைய ரயில் குகையால் துளைத்துப் போகிறது. உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் குளிரும். குளிர்காலத்தில் அந்தக் குகையை மூடிவிடுகிறார்கள், வௌவால்கள் உறங்குவதற்காக. அந்த மாதங்களில் பலகையின் அம்பு சைக்கிள்காரரைத் தடத்திலிருந்து விலக்கிக் குன்றின் மேலே அனுப்புகிறது. மூச்சு வாங்க ஏற வேண்டும். ஏறிய பின் சாலை மறுபுறம் திராட்சைத் தோட்டங்களுக்கு இறங்குகிறது.