இழந்த புலனும் பயின்ற புலனும்

கண் போனவருக்குக் காது கூர்மையாகும் என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சு. பார்வையற்ற ஒருவர் காலடி ஓசையை வைத்து ஆளின் பெயரைச் சொல்லிவிட்டால், கடவுள் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுத்தார் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். கடந்த எண்பது ஆண்டுகளின் ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தால் இந்த ஆறுதல் நிலைக்காது. எஞ்சிய புலன்கள் தாமாகக் கூரேறுவதில்லை. அவற்றிடம் அன்றாடம் வேலை வாங்குகிறார்கள். வேலை வாங்கிய இடத்தில்தான் கூர்மை ஏறுகிறது. கொடை என்று சொல்லும்போது அந்த மனிதரின் உழைப்பை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

2011இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்ரைக் குழுவினர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நெருக்கமாகக் கீறிய கோடுகளை விரல்நுனியிலும் உதட்டிலும் வைத்து, கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டார்கள். விரலில் பார்வையற்றோர் முந்தினார்கள். உதட்டில் இரு தரப்பும் சமம். தொட்டுப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தில் தேர்ந்தவர்களுக்குப் படிக்கும் விரல் மற்ற விரல்களையும் மிஞ்சியது. வாரத்தில் அதிக நேரம் படித்தவரின் விரல் இன்னும் கூர்மையாக இருந்தது. பார்வையின்மையே தோலைக் கூராக்குமானால் உதட்டுக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கும்.

காதின் கதையும் இதுவே. பார்வையற்றோர் சிலர் எதிரே சுவர் இருப்பதைத் தொடாமலே உணர்வது 18ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. பிரெஞ்சுத் தத்துவஞானி தீதரோ 1749இல் இதை எழுதினார். முகத்தின் தோல்தான் சுவரை உணர்கிறது என்று நெடுங்காலம் நம்பி, அதற்கு ‘முகப்பார்வை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1944இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூப்பா, மில்டன் காட்ஸின், கார்ல் டாலன்பாக் மூவரும் அதைச் சோதித்தார்கள். சூப்பாவே பார்வையற்றவர். முகத்தைத் துணியால் மூடியபோதும் சுவர் தெரிந்தது. காதை அடைத்தபோது போய் மோதினார்கள். காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தாம் கேட்கிறோம் என்பதே தெரியாமல். கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர்களும் பழகப் பழக அதைக் கற்றார்கள் என்பதுதான் அந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது. 2021இல் வெளிவந்த இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வும் இதையே காட்டியது: நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும் பயிற்சியைப் பத்து வாரம் கொடுத்ததில், பார்வையற்றோர், பார்வையுள்ளோர் இரு தரப்பும் தேறின.

எல்லாவற்றையும் பயிற்சியால் ஈடுகட்டிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 2014இல் இத்தாலியின் மோனிகா கோரி குழுவினர், பிறவியிலேயே பார்வையற்றோரிடம் வரிசையாக மூன்று ஒலிகளை எழுப்பி, நடு ஒலி முதலாவதன் பக்கத்தில் வந்ததா, மூன்றாவதன் பக்கத்தில் வந்ததா என்று கேட்டார்கள். பார்வையுள்ளவர்களுக்கு எளிதான இந்தக் கேள்வியில் அவர்கள் வெகுவாகத் தடுமாறினார்கள். வெளியின் அளவுகளைக் காதுக்குச் சொல்லிக்கொடுப்பது சிறுவயதில் கண்தான் போலும். ஆசிரியர் இல்லாமல் போனால் சில பாடங்கள் விடுபட்டுப்போகின்றன.

மூளைக்குள் எட்டிப் பார்த்தபோது வியப்பு கூடியது. 1996இல் நொரிஹிரோ சடாட்டோ குழுவினர், பார்வையற்றோர் பிரெய்ல் படிக்கையில் பின்தலையில் பார்வைக்கென உள்ள மூளைப் பகுதியான பார்வைப் புறணி வேலை செய்வதைக் கண்டார்கள். மறு ஆண்டு அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் கலைத்தபோது படிப்பு பிழைபட்டது. பிறவியிலிருந்தே பார்வையில்லாத, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதம் வந்து பின்தலையின் இருபுறமும் சேதமானதும், புள்ளிகளைத் தொட்டு உணர முடிந்தும் எழுத்தாகப் படிக்க முடியாமல்போனதை 2000இல் பதிவுசெய்தார்கள். மூளை தன்னை அடியோடு மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் ஐயம் உண்டு. 2008இல் லாட்ஃபி மெராபெட் குழுவினர் பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் கட்டிவைத்துப் பிரெய்ல் கற்பித்தார்கள். அதற்குள்ளாகவே பார்வைப் புறணி தொடுகைக்குப் பதில் கொடுத்தது. கட்டை அவிழ்த்த ஒரு நாளில் அது அடங்கியது. ஐந்து நாளில் புதிய நரம்புப் பாதை போட்டுவிட முடியாது. பாதை முன்பே இருந்திருக்க வேண்டும். 2023இல் தமர் மாக்கினும் ஜான் கிராக்கவரும் எழுதிய கட்டுரை, ‘மறுசீரமைப்பு’ என்று பேர்பெற்ற பல புகழ்பெற்ற முடிவுகளை இப்படியே மறுத்து வாசித்தது: உள்ளே உறங்கிய திறனைப் பழக்கம் எழுப்புகிறது. நான் அவர்கள் பக்கம்.

காது கேளாமை பற்றிய ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. பிறவியிலேயே கேளாத பூனைகள் ஓரப்பார்வையில் பொருளின் இடத்தை அறிவதிலும் அசைவைக் கண்டுகொள்வதிலும் மட்டும் சிறந்திருந்ததை 2010இல் ஸ்டீபன் லோம்பர் குழுவினர் காட்டினார்கள். கேட்கும் பூனையில் ஒலி வரும் இடத்தை அறியும் புறணிப் பகுதியை இவற்றில் குளிரவைத்தபோது, ஓரப்பார்வையின் அந்தச் சிறப்பு மறைந்தது. அந்தப் பகுதியின் வேலை மாறவில்லை, அதற்கு வந்து சேரும் செய்திதான் மாறியது.

காலம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த ஒருவர் பார்வை பெற்றதும் கண்ணால் மட்டுமே அவற்றைப் பிரித்தறிவாரா என்று வில்லியம் மாலினோ 1688இல் தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். மாலினோவின் மனைவி பார்வையிழந்தவர் என்பதை நினைத்தால், அந்தக் கேள்வி வெறும் தத்துவ விளையாட்டாகப் படவில்லை. விடை டெல்லியில் கிடைத்தது. பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில் பார்வை பெற அறுவை செய்துகொண்ட, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட 5 பேரிடம், தொட்டறிந்த பொம்மைக் கட்டையைப் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். 2011இல் வெளிவந்த முடிவின்படி, முதலில் அவர்களின் விடைகள் ஏறக்குறைய குருட்டாம்போக்குதான். சில நாட்களிலேயே பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். எட்டு வயதைத் தாண்டிவிட்டது, இனி அறுவை செய்து பயனில்லை என்று குழந்தைகளைத் திருப்பி அனுப்பிய பழைய நம்பிக்கை எத்தனை பேரின் கண்ணை மூடியே வைத்திருக்கும்!

வயது வந்தபின் வரும் பார்வை எல்லாருக்கும் வரமாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வையிழந்த இங்கிலாந்தின் சிட்னி பிராட்ஃபோர்டுக்கு 52ஆம் வயதில் விழிவெண்படல மாற்று அறுவை நடந்தது. பார்வையில்லாதபோது துணிந்து தெருவைக் கடந்தவர், வண்டிகளைப் பார்த்தபின் அஞ்சி நடுங்கினார். உலகம் அவருக்கு மங்கலாகவும் ஏமாற்றமாகவும் பட்டது. 1960இல், அறுவை முடிந்து இரண்டாண்டுக்குள், இறந்துபோனார். அவரைப் பற்றி உளவியலாளர் ரிச்சர்ட் கிரகரி எழுதிய அறிக்கையைத் துயரமின்றிப் படிக்க முடியாது.

பார்வை போனபின் அகத்தில் நடப்பதை ஜான் ஹல் போல எழுதியவர் குறைவு. பர்மிங்ஹாமில் சமயக் கல்விப் பேராசிரியராக இருந்த அவர் நடுவயதில் முழுப் பார்வையையும் இழந்தார். ஒலிநாடாவில் பேசிப் பதிந்த நாட்குறிப்பு 1990இல் நூலானது. மனைவி மக்களின் முகம், பின் தன் முகம், பின் முகம் என்ற எண்ணமே மங்கிப்போவதை அதில் அவர் சொல்கிறார். மழை பெய்தால் கூரைக்கும் புதருக்கும் நடைபாதைக்கும் தனித்தனி ஓசை கிடைத்து, தோட்டம் முழுதும் ஒரே நேரத்தில் அவர் முன் விரிகிறது. அறைக்குள்ளும் மழை பெய்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்குகிறார். பார்வையுள்ளவருக்கு எப்போதும் இருக்கும் காட்சிப் பரப்பு, அவருக்கு மழை வரும்போது மட்டும் கிடைத்தது. ஸோல்தான் டோரே இதற்கு நேர் எதிர். 1951இல் ஆஸ்திரேலியாவில் ஒரு விபத்தில் 21 வயதில் பார்வையிழந்த அவர், மனக்கண்ணைப் பிடிவாதமாகப் பயிற்றினார். இரவில் தனியே கூரை மீதேறி மழைநீர்க் குழாய்களை மாற்றி, அண்டை வீட்டாரைப் பதறவைத்தார். ஒரே இழப்பு, ஒருவர் காட்சியை விட்டு வெளியேறினார், இன்னொருவர் காட்சியை விடாமல் கட்டி எழுப்பினார்.

மூக்கை நாம் மதிப்பதில்லை. கொரோனாவில் மணம் போனபோதுதான், ரசத்தின் ருசி என்று நினைத்ததில் நாக்கின் பங்கு உப்பும் புளிப்பும் காரமும் மட்டுமே என்று பலருக்கு விளங்கியது. நுகர்திறன் திரும்பும் வழியில் காபியும் வதக்கிய வெங்காயமும் குமட்டலாக நாறியதாகச் சொன்னவர்கள் ஏராளம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மெல் 2009இல் சோதித்துக் காட்டிய வழி, ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் தினம் இருவேளை முகர்ந்து பழகுவது. இங்கும் மருந்து பயிற்சிதான்.

எல்லா இழப்பிலும் கடுமையானதாக நான் நினைப்பது, ஐம்புலன் கணக்கில் வராத ஒன்றின் இழப்பு. கை கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அறிகிறோமே, அந்த உடலுணர்வு. இங்கிலாந்தின் இயான் வாட்டர்மன் 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப்பின் கழுத்துக்குக் கீழே அதையும் தொடுவுணர்வையும் இழந்தார். தசை செயலிழக்கவில்லை, ஆனால் எழுந்து உட்கார முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, முன்கூட்டித் திட்டமிட்டு, மீண்டும் நடக்கக் கற்றார், வேலைக்குப் போனார். அவரை நெடுங்காலம் ஆராய்ந்த மருத்துவர் ஜோனதன் கோல் எழுதியதிலிருந்து தெரிவது, அந்த நடை ஒருநாளும் நமக்குப் போலத் தன்னியல்பாக மாறவில்லை என்பதே. விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். தலை கனக்கும் சளி வந்தால் படுக்கையை விட்டு எழ மாட்டார், நடப்பதற்கு வேண்டிய அளவு யோசிக்க முடியாது என்பதால்.