கலியாண வீட்டில் தொடங்கும் 'வொலின்'

போலந்து இயக்குநர் ஸ்மர்ஸோவ்ஸ்கியின் 'வொலின்' (2016) ஒரு கலியாணத்தோடு தொடங்குகிறது. பெண் போலிஷ்காரி, மாப்பிள்ளை உக்ரேனியன். ஊர், அப்போது போலந்து ஆண்ட, இன்றைய மேற்கு உக்ரேனில். 1943இல் உக்ரேனியக் கிளர்ச்சிப்படை போலிஷ் கிராமங்களை அழித்தபோது அயல்வீட்டாரும் கோடரியோடு வந்தார்கள். போலிஷ்காரர் பழிவாங்கியதையும் படம் மறைக்கவில்லை. அதில் பலியாவது அதே மணமக்கள். இந்த நேர்மையை மதிக்கிறேன்.

என் குறை வேறு. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் உக்ரேனிய மொழிப் பள்ளிகள் அருகியதும், போலந்துப் படைவீரருக்கு அங்கே காணி பகிரப்பட்டதும் கதைக்கு முந்தியவை. உக்ரேனியரின் மனக்குறையெல்லாம் கலியாண வீட்டுப் பேச்சோடு சரி. மொழி படிப்பிக்கிறவன் நான். இதென்ன இவ்வளவுதானா எண்டு இருந்தது. காரணம் சொன்னால் கொலை நியாயமாகிவிடாது. சொல்லாவிட்டால் உக்ரேனியர் பிறவிக் கொலைகாரராகவே தெரிகிறார்கள். அந்த வருடம் கீவில் நடக்கவிருந்த திரையிடலும் கைவிடப்பட்டது.